ஆட்டுக்கல் என்று வந்தவள்

1968 ஜூன் 9, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. அப்பளம் முழுக்கப் பூசணம். தீவுக்குக் கப்பல் வரவில்லை, எங்கள் ஹேடோ பக்கம் ஒரு வீட்டிலும் வெங்காயம் கிடையாது. கீரைப் பாத்தியில் நத்தை, ஒவ்வொன்றும் கொட்டாங்கச்சி அளவு. பதினாறு பொறுக்கி உப்புப் போட்டேன். நுரை தள்ளிக் கரைந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

செய்ய வேண்டியது: விறகை உள்ளே அடுக்க. சுந்தரம் சட்டைக்குப் பொத்தான். வள்ளி தலைக்கு எண்ணெய்.

வள்ளி பதினொன்றாம் வகுப்பு பாஸ். ஃபர்ஸ்ட் டிவிஷன். இங்கிலீஷில் பள்ளிக்கூடத்திலேயே முதல். எங்கள் வம்சத்தில் நான் ஐந்தாவது வரை படித்ததே பெரிய படிப்பு. என் பேத்தி இங்கிலீஷ் பேப்பரை ரேடியோக்காரர் மாதிரி வாசிக்கிறாள். நாலு வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தாவது வீட்டில் ஆள் இல்லை.

கோயில் புத்தகம் மெட்ராஸில் அச்சாகி, போன கப்பலிலேயே வந்திருக்கிறதாம். என் மகன் சுந்தரம் கமிட்டி செக்ரட்டரி, அவன்தான் ஒன்று கொண்டுவந்தான். அம்மன் வரலாறு. பதினாறு பக்கம். எழுதினது கமிட்டித் தலைவர், மரக் கான்ட்ராக்டர். (இனிமேல் கா. என்று எழுதுவேன், முழுசாய் எழுத மை தண்டம்.) எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன். கா. கனவில் அம்மன் வந்து சொன்னாளாம்: ஹேடோ கடலில் ஒரு மீனவன் வலை வீச, வலை கனக்க, இழுத்தால் உள்ளே அம்மன், சுற்றிலும் ஜோதி.

கா. இந்தத் தீவுக்கு வந்தே ஐந்து வருஷம். அம்மன் வந்து எட்டு வருஷம். வந்தது என் லக்கேஜில்.

அண்ணன் காரியத்துக்கு மெட்ராஸ் போயிருந்தேன். திரும்புகிற கப்பலில் அம்மன் சிலையைக் கொண்டுவரச் சொன்னார்கள் கோயில்காரர்கள். தனியாக புக் பண்ணினால் அடுத்த கப்பல்தான் என்று ஆபீசில் கைவிரித்துவிட்டான். இங்கே கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாயிற்று. இவர் (என் வீட்டுக்காரர், அப்போது இருந்தார்) தந்தி அடித்தார்: வீட்டுச் சாமானில் சேர். உத்தியோகஸ்தர் குடும்பத்துக்கு வீட்டுச் சாமான் கொண்டுவர அனுமதி உண்டல்லவா. சீட்டில் எழுதினது இன்னும் மனப்பாடம்: டிரங்குப் பெட்டி 2, பித்தளை அண்டா 1, ஆட்டுக்கல் 1. அந்த ஆட்டுக்கல்தான் அம்மன். வைக்கோல், மேலே கோணி, அதற்கு மேலே கயிறு. ஒரு கல்தான் சேர்க்க முடியும் என்றதால் என் அம்மா கொடுத்த நிஜ ஆட்டுக்கல்லை அண்ணன் வீட்டுக் கொல்லையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

"ஏண்டா சுந்தரம், நான் என்ன செத்தா போயிட்டேன்? என்னைக் கேக்காம எவன் கனவையோ அச்சுப் போட்டிருக்கீங்க."

"அம்மா, அது ஐதீகம். உனக்குப் புரியாது."

"நான் சுமந்துக்கிட்டு வந்தது எனக்குப் புரியாதா?"

சட்டைக்குப் பொத்தான் கேட்டான். தைக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

மழை விட்டு விட்டு. விறகு புகைச்சல்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு மைதீன் தம்பி கடைக்குப் போனேன். தம்பி தொண்டிப் பக்கம், எங்கள் ஜில்லா. இப்போது கடை, அப்போது கைவண்டி. ஹேடோ ஜெட்டியிலிருந்து அந்தக் கோணி மூட்டையை மேடு ஏற்றினது அவன் வண்டிதான். "அம்மன்னு சொல்றீங்க, இன்னிக்கி பீடி வேணாம்" என்று காதில் இருந்த பீடியை எடுத்துத் தூர எறிந்துவிட்டு இழுத்தான். கா.வுக்கு இது கனவில் வரவில்லை.

கடை வாசலில் நின்று அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தேன்.

"வலையில வந்தாளாமா? அப்ப நான் இழுத்தது யாரை, அக்கா?" என்றான் மைதீன்.

திரைக்குப் பின்னால் இருந்து அவன் பெண்டாட்டி சுலைகா: "முதுகு புடிச்சு மூணு நாளு படுத்துக் கெடந்தீகளே, அது யாரால?"

நான் சொன்னேன்: "ஆட்டுக்கல்லா கப்பலேறுனவ மீனா எறங்கிட்டா, போ."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை மலையாளத்துக்காரர் எட்டிப் பார்த்தார். சுலைகாவுக்குக் கண்ணில் தண்ணீர். ஆட்டுக்கல் இல்லாத இரண்டு வருஷமும் அவள் கல்லில்தான் அரைத்தேன். கும்பாபிஷேகத்துக்குப் படைத்த அதிரசமும் பணியாரமும்கூட அதில் அரைத்த மாவுதான். அம்மன் தின்றாள். ஒன்றும் ஆகவில்லை.

வாங்கியது: துவரம்பருப்பு, சீயக்காய், தீப்பெட்டி.

ஜூன் 11, செவ்வாய்

கப்பல் வந்தது. வெங்காயம் வந்தது. பாதி முளைத்தது, பாதி அழுகல்.

மத்தியானம் மைதீன் கடைப் பலகை சாத்தியிருந்தது. செவ்வாய்க்கிழமை சாத்தமாட்டானே என்று நினைத்தேன். மருமகள் கோமதி குழாயடியில் கேட்டுக்கொண்டு வந்தாள்: "துலுக்கன் நம்ம அம்மனைப் பழிச்சுட்டானாம் அத்தை. போலீஸ் கூட்டிக்கிட்டுப் போயிருக்கு."

"எந்தத் துலுக்கன்?"

"கடைக்கார பாய்தான்."

தாகமாய் இருந்தது. தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 12, புதன்

நடந்தது இவ்வளவுதான். கா.வின் மரமில்லில் மேஸ்திரி ஒருவன். நேற்றுக் காலையில் மைதீனிடம் பீடி வாங்க வந்தவன், புத்தகம் படிச்சீங்களா பாய் என்று கேட்டிருக்கிறான். மைதீன் படிக்கவில்லை, கேட்டேன் என்றிருக்கிறான். கேட்டுட்டு என்ன தோணுச்சு? மைதீன் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்: ஆட்டுக்கல்லா ஏறுனவ மீனா எறங்கிட்டா.

என் வார்த்தை. ஒரு எழுத்து மாறாமல்.

ஒரு மணி நேரத்தில் கா. இருபது பேரோடு கடை வாசலில். பிறகு தானா, போலீஸ் ஸ்டேஷன். இன்னும் கேஸ் எழுதவில்லையாம், பெட்டிஷன் மட்டும். அதற்கே ஆளை உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் சுந்தரம் விளக்கினான். சட்டத்தில் செக்ஷன் இருநூற்றுத் தொண்ணூற்றைந்து, பக்கத்தில் ஒரு ஏ. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு, ஒரு மதத்துக்காரர்களுடைய உணர்ச்சியைப் புண்படுத்துவது. மூன்று வருஷம் வரை போடலாம். அதற்கு மேலிடத்து உத்தரவு வரவேண்டும். வரும் என்கிறான்.

"பெட்டிஷன் இங்கிலீஷ் பிரமாதம்னு தானாவுலயே சொன்னாங்க" என்றான். "யாரு எழுதுனதுன்னு நினைக்கிற? நம்ம வள்ளி."

ஒரு நிமிஷம், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நெஞ்சு நிமிர்ந்தது. பதினாறு வயசில் போலீஸ்காரன் மெச்சுகிற இங்கிலீஷ். அப்புறம்தான் என்ன எழுதினாள் என்று கேட்கத் தோன்றியது.

வள்ளி நகலைத் தமிழாக்கி வாசித்தாள். மேற்படி நபர் எங்கள் தெய்வத்தை அரைக்கும் கல் என்றும், மீன் என்றும், இழிவாக, குரோதத்தோடு...

"குரோதம்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அப்பாதான். அந்த வார்த்தை இருந்தாத்தான் செக்ஷன் நிக்குமாம், அப்பத்தா."

சோற்றில் கை வைக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

பூரான் ஒன்று அடுப்படியில். செருப்பால் அடித்தேன். சாக அரைமணி.

சுந்தரம் ஆபீஸ் போகுமுன் ஒரு தாளை என் முன்னால் வைத்தான். தலைப்பு: மனம் புண்பட்டோர். வரிசை எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், கையொப்பம். முப்பத்தெட்டுப் பேர். பாதி கைநாட்டு. அந்த முப்பத்தெட்டில் மைதீன் சொன்னதைக் காதால் கேட்டவன் அந்த மேஸ்திரி ஒருத்தன்தான். மீதி முப்பத்தேழு பேருக்கு அவன் சொல்லித்தான் புண்.

"முதல் வரியை உனக்காகக் காலியா விட்டிருக்கு. ஹேடோவுலயே மூத்த பொம்பளை நீதான். நீ போட்டா எடை."

"எனக்கு எங்கேடா புண்ணு?"

"அம்மா."

"அந்தப் பேச்சு நான் பேசுனது. மைதீன் தம்பி அதைத் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான். என் பேரை அந்தப் பக்கம் எழுது, குத்தவாளின்னு."

"நீ சொன்னா வேற. அவன் சொன்னா வேற."

"எதுல வேற?"

யோசித்தான். தொப்பியைத் தலையில் வைத்தான். எடுத்தான். பிறகு, கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகச் சொன்னான். "நீ போய் லக்கேஜ் கதையைச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? சர்க்கார் கப்பல்ல பொய்ச் சீட்டு. அப்பா பேருல. முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்காத மனுஷன். செத்த பெறகு அந்தப் பேரை நீயே கெடுக்கணுமா?"

அங்கேதான் அடித்தான். இவர் ஆபீஸ் பென்சிலை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அந்த ஒரு தந்தி, ஒரே ஒரு பொய், அதுவும் அம்மனுக்காக.

கையெழுத்துப் போடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு போனான்.

பிறகு நாள் முழுக்க யோசனை. மைதீன் அதைத் தானாகவே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேனா? இது நான் மட்டும் படிக்கிற நோட்டு, நிஜத்தை எழுதலாம். சிரித்திருக்க மாட்டேன். முகம் சுளித்திருப்பேன். உன் வாயால் வேண்டாம் தம்பி என்றிருப்பேன். இரண்டு நாள் வேறு கடையில் பருப்பு வாங்கியிருப்பேன். மூன்றாம் நாள் சுலைகா ஏதாவது கொடுத்தனுப்புவாள், தீர்ந்துவிடும். புண் என்றால் அவ்வளவுதான் புண். அதற்கு மருந்து எங்களிடமே இருந்தது. அதற்குள் போலீஸ்காரனுக்கு என்ன வேலை?

இன்னொன்று. சிற்பி அந்தக் கல்லைக் காலால் மிதித்துக்கொண்டுதான் செதுக்கினான், நான் கண்ணால் பார்த்தேன். கண் திறக்கிற வரைக்கும் அது கல். கப்பலில் வரும்போது அம்மனுக்குக் கண் திறக்கவில்லை. அப்போது ஆட்டுக்கல் என்று எழுதினால் அதில் முக்கால் உண்மை. வலையில் வந்தாள் என்பதில் கால்கூட இல்லை. பொய் சொன்னவன் கமிட்டித் தலைவன். நிஜத்தைச் சொன்னவன் லாக்கப்பில். தூ.

ஜூன் 14, வெள்ளி

தூறல். துணி எதுவும் காயவில்லை, எல்லாவற்றிலும் நாய் வாடை.

சுலைகா வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறம் உள்ளே இழுத்துக்கொண்டாள். குழந்தைகளைப் பத்துபஸ்தியில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம். கையில் தூக்குவாளி, லாக்கப்புக்குச் சோறு.

"என்னாலதான்டி."

"அப்டிச் சொல்லாதீக அக்கா."

"அவன் என்ன சொல்றான்?"

"ஒரு வாத்தியாரப் பத்தித்தான் பேசுறாக. ரெண்டு வருசம் முந்தி, நோம்பப் பத்தி லைப்ரரில என்னமோ பேசிட்டாருன்னு எங்காளுக பெட்டிசன் போட்டாகள்ல. இவுகளும் கையெழுத்துப் போட்டாக. அந்தாள லாங் ஐலண்டுன்னு தூரத்துத் தீவுக்கு மாத்திட்டாக. நேத்து சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொல்றாக, அந்தாளு என்ன பேசுனாருன்னு நான் கேக்கக்கூட இல்ல சுலைகா, பேனாவக் குடுத்தாக, போட்டேன்னு."

சட்டி நிறையக் கருவாட்டுக் குழம்பு, யாரும் தொடவில்லை.

"அக்கா, நீங்க எதும் பேசப் போயிடாதீக" என்றாள். "பேசுனா இன்னும் கூடும்."

திரும்பி வரும்போது நினைத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு இளப்பம் உண்டு. இப்போது பார்த்தால் இந்தத் தீவில் கெட்டதெல்லாம் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் பண்ணினது.

ஜூன் 15, சனி

போய்விட்டு வந்துவிட்டேன். தானாவுக்கு.

இவர் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். உங்கள் பெயர் கெட்டால் கெடட்டும், ஒரு ஆள் உள்ளே கிடக்கிறான் என்றேன். படம் என்ன சொல்லும். ஈரத்தில் ஓரம் பழுத்துக் கிடக்கிறது.

சுந்தரம் ஆபீசில். வள்ளியைக் கூட்டிக்கொண்டு போனேன். "நீ எழுதுனதுக்கு நீயே வந்து நில்லு" என்றேன். வழி முழுக்கத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

தானேதார், ஸ்டேஷன் அதிகாரி, ஹிந்திக்காரர். என்னைவிட இருபது வயசு சின்னவர். எழுந்து நாற்காலி போட்டார், டீ சொன்னார். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். வோ பாத் மைனே போலா. மைதீன் நே நஹி. அந்தப் பேச்சு என்னுது, மைதீனுது இல்லை என்று. தெரியாததை வள்ளி சொன்னாள். கப்பல், சீட்டு, கோணி, கைவண்டி, ஒன்று விடாமல். பொய்ச் சீட்டுக்கும் நானே பொறுப்பு, என் வீட்டுக்காரர் மேல் ஒன்றும் இல்லை என்றேன்.

எல்லாம் கேட்டார். ஒன்றும் எழுதவில்லை. பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"மாஜி, ஆப் பி ஹிந்து, மூர்த்தி பி ஹிந்து. கேஸ் நஹி பன்தா." நானும் ஹிந்து, சிலையும் ஹிந்து, கேஸ் ஆகாதாம்.

"வார்த்தை ஒண்ணுதானே? நான் சொன்னதத்தானே அவன் சொன்னான்?"

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, களைத்த சிரிப்பு. வள்ளியைப் பார்த்து என்னவோ சொன்னார். "என்னடி?" என்றேன்.

"நீங்க சொன்னா தமாஷாம் அப்பத்தா. அவரு சொன்னா செக்ஷனாம்."

இந்தியா பூரா எல்லாருக்கும் சட்டம் ஒன்று என்று என் ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் இல்லை, அப்போது வெள்ளைக்காரன். வள்ளி பாடத்தில் இருக்கும். கேட்டேன். இருக்கிறதாம்.

கிளம்பும்போது கம்பிக்குப் பின்னால் மைதீனைப் பார்த்தேன். நாலு நாள் தாடி. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். "அக்கா, எதுக்கு இங்கெல்லாம் வந்தீங்க? மழையில" என்றான்.

வள்ளி வழியில் அழுதாள். தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

நத்தை, எட்டு.

சுந்தரம் நேற்றைய விஷயம் தெரிந்து வீட்டில் யாரோடும் பேசவில்லை. பத்து மணிக்குக் கா. வந்தான். வெள்ளை வேட்டி, விரல் நிறைய மோதிரம். "பெரியம்மா, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று காலைத் தொட வந்தான். காலை இழுத்துக்கொண்டேன்.

ராஜி, அதாவது சமாதானம், பேசி முடித்தாயிற்றாம். கேஸ் வேண்டாம், நம்ம ஊர்ப் பயல் என்று கா. பெரிய மனசு பண்ணுகிறான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் மைக்கில் மன்னிப்பு வாசிக்க வேண்டும். வாசித்தால் பெட்டிஷன் வாபஸ். தானேதாருக்கும் நிம்மதி, மேலிடத்துக்கு எழுதுகிற வேலை மிச்சம். மைதீன் சம்மதித்துவிட்டான். இன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வாசிக்க வேண்டியதைச் சுந்தரம் எழுதியிருந்தான். மேஜையில் கிடந்தது. மூன்று வரி.

நான் சொன்னது தவறு.
மனம் புண்பட்ட அனைவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.
அம்மன் கடலிலிருந்து தானாகவே எழுந்து வந்தவள் என்பதை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது வரியை மூன்று தடவை படித்தேன்.

"இது எதுக்குடா?"

"தலைவர் சேக்கச் சொன்னாரு."

"அஞ்சு வேளை தொழுகிறவன் வாயில இதப் போடுறீங்களே. அவுக மார்க்கத்துல இதச் சொன்னா அதுதானடா பெரிய குத்தம்?"

"சும்மா வாசிக்கிறதுதானே."

"அவன் சும்மா சொன்னதுக்குத்தான அஞ்சு நாளு உள்ள வச்சீங்க."

கோமதி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுந்தரம் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். தலைகீழாக இல்லை, அவ்வளவுதான்.

நான் பெற்றது. நான் பால் கொடுத்து, எழுத்துச் சொல்லிக் கொடுத்தது.

ஜூன் 18, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டால்தான் தூக்கம் வரும்.

அஞ்சு மணி. மழை இல்லை, புழுக்கம். கோயில் வாசலில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். மரமில் லாரியில் வேறு ஆள் வந்து இறங்கியது. சுண்டல், பொங்கல் தயார். ஏதோ திருவிழா மாதிரி. குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். பக்கத்தில் ஒருத்தி: "இம்புட்டுத்தானா? நான் மொட்டை அடிப்பாகன்னுல்ல வந்தேன்."

மைதீன் தனியாக வந்தான். வெளுத்த சட்டை, தலையில் குல்லா. கேட்டுக்கு வெளியே நின்றான். ஒரு கொம்பில் மைக் கட்டியிருந்தது. கா. தாளைக் கொடுத்தான்.

முதல் வரி வாசித்தான். இரண்டாவது வரி வாசித்தான். குரல் நன்றாகத்தான் இருந்தது, கடையில் விலை சொல்கிற குரல். மூன்றாவது வரிக்கு வந்து நின்றுவிட்டான். தாளையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். உதடு அசைகிறது, சத்தம் இல்லை.

"படி" என்றான் கா.

கூட்டத்தில் ஒருவன்: "எழுத்துத் தெரியலையா பாய்? கண்ணாடி வேணுமா?" சிரிப்பு.

நான் எப்படி அந்தக் கூட்டத்தைத் தாண்டினேன் என்று தெரியவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் நின்றேன். "அந்த வரி பொய்" என்றேன். என் குரல் மேட்டுக்கு மேலே எங்கேயோ போய்க் கேட்டது. "அம்மனைக் கொண்டாந்தது நான். கப்பல்ல, என் சாமானோட..."

அதற்குமேல் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சுந்தரம் ஒயரைப் பிடுங்கிவிட்டான். கையில் ஒயரோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்படியும் நிறுத்தவில்லை, மைக் இல்லாமலே சொன்னேன். முன்வரிசையில் நாலு பேருக்குக் கேட்டிருக்கும். அவர்களும் வேறு பக்கம் பார்த்தார்கள். கா. பல்லைக் கடித்துக்கொண்டு, "பெரியம்மாவுக்கு வயசாச்சு, யாராவது உக்கார வைங்க" என்றான்.

அப்போது மைதீன் என் பக்கம் திரும்பினான். நன்றி சொல்வான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"அக்கா" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நீங்க உண்மையச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க. நான் திரும்ப உள்ள போகணும். போங்கக்கா. நான் படிச்சுடுறேன்."

போனேன். வழிவிட்டார்கள்.

சுந்தரம் ஒயரைத் திரும்பச் சொருகினான். மைதீன் மூன்றாவது வரியைப் படித்தான். தெளிவாக, நிறுத்தி நிறுத்தி. சரியாகக் கேட்கவில்லை என்று பின்னால் இருந்து கத்தினார்கள். கா. இன்னொரு தடவை என்றான். இன்னொரு தடவையும் படித்தான். கை தட்டினார்கள். கோயில் மணி அடித்தது. தொன்னையில் பொங்கல் வந்தது, என் கையில் வைத்தார்கள். கொஞ்ச தூரம் கொண்டுவந்து நாய்க்குப் போட்டேன். பிரசாதத்தை நாய்க்குப் போட்டது என் ஆயுசில் இது முதல் தடவை.

அம்மன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. நாலு நாள் கப்பலில் என் காலடியில் வந்தவள். அவளையும் இவர்கள் பேசவிடுவதில்லை.

வள்ளி படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள். "அப்பத்தா, அது நான் எழுதுன இங்கிலீஷாலயா?"

ஆமாம் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

வெயில். பதினோரு நாளைக்கு அப்புறம். அப்பளத்தைத் தூர எறிந்தேன். மெத்தை, தலையணை, டிரங்குப் பெட்டி, எல்லாம் வெளியே.

உப்பு இல்லை. நத்தைக்கே எல்லாம் போய்விட்டது. மைதீன் கடை திறந்திருந்தது. மூன்று ஆள் நின்றார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. மைதீன் உப்பு நிறுத்தான், பொட்டலம் கட்டினான். "வேற என்ன வேணும், அக்கா?" என்றான். முகத்தில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. திரை இழுத்து மூடியிருந்தது, சுலைகா பின்னால் நிற்கிறாள் என்று தெரியும். இருமல் கேட்டது.

ஏதாவது சிரிக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் பார்வை ரோட்டுக்குப் போயிற்று. வாயை மூடிக்கொண்டேன்.

ஆட்கள் போனபிறகு பிஸ்கட் டின் தகரம் ஒன்றை எடுத்தான். தட்டி நேராக்கி வைத்திருந்தான். மூட்டைக்குக் குறி போடுகிற நீல மை, குச்சியில் பஞ்சு.

"ஹிந்தியில ஒருத்தர் எழுதித் தாரேன்னிருக்காரு. தமிழ்ல எழுதித் தாங்க அக்கா. என் எழுத்துக் கோணலா போகும்."

"என்ன எழுத?"

"இந்தக் கடையில் சாமி பற்றிப் பேசக் கூடாது."

"யாரோட சாமி?"

"எந்தச் சாமியும்."

எழுதிக் கொடுத்தேன். குண்டு குண்டாக, வரி வளையாமல், ஒரு துளி மை சிந்தாமல் வந்தது. ஈரம் காயட்டும் தம்பி, இப்போ மாட்டினா வழியும் என்றேன். கேட்கவில்லை. ஆணி ஏற்கனவே அடித்து வைத்திருந்தான்.